உலையில் குறையாத ஒரு படி

உங்கள் அம்மாவுக்கு உடம்பு எப்படி அவ்வளவு போட்டது, பிறகு எப்படி வற்றியது என்று நீங்கள் மூன்று பேரும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அவளைக் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த நாட்களில் பெரும்பாலும் நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. ஆகவே நான் எழுதி வைக்கிறேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் இன்னும் வரவில்லை. திருமழிசைப் பக்கத்துக் கழனியை உங்கள் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, நான் அம்பத்தூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். தண்டவாளத்தை ஒட்டி ஒரு அறையும் அடுப்படியும் கொடுத்தார்கள். அம்மாவை நான் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் ஒடிசலாக இருந்தாள். நாற்று நடுவாள், களை எடுப்பாள், நெல் குத்துவாள், கழனிக்குக் கூழ் சுமப்பாள். ஆம்பளைக்குச் சமமாகச் சாப்பிடவும் செய்வாள். சாப்பிட்டதையெல்லாம் கழனி வாங்கிக்கொண்டது.

ரயில்வே வீட்டில் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. வாசலிலேயே அடிபம்பு. அரிசி மெஷினில் தீட்டியே வந்தது. மாடு கட்ட அனுமதி இல்லை. உங்களில் பெரியவளைக் குத்தம்பாக்கத்தில் கொடுத்தோம். அடுத்தவளைக் காஞ்சிபுரத்தில் கொடுத்தோம். பையன் படிப்புக்காக மாமன் வீட்டுக்குப் போனான். நானோ பாதி நாள் டூட்டி, மீதி நாள் தூக்கம். பக்கத்து வீடுகளில் தெலுங்குக்காரர்களும் மலையாளத்துக்காரர்களும் இருந்தார்கள். அவர்களோடு அம்மா சிரிப்பாள், பேச்சு வராது.

நம் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடும் அரிசி அளவைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால்தான் குறைப்பார்கள். போனவருடைய பங்கை அன்றைக்கு அளவிலிருந்து எடுப்பார்கள். கழனி வீட்டில் ஆட்களுக்கும் சேர்த்து, தலைக்கு ஒரு ஆழாக்கு என்று ஒரு படி போட்டுக்கொண்டிருந்தவள், இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் அதே படியைத் தலைதட்டிப் போட்டாள். மீந்ததைக் கொட்ட அவளுக்கு மனசு வராது. வாங்கிப்போக ஆளும் இல்லை. தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் அவளே சாப்பிட்டாள்.

ஊர்ப்பக்கம் போனால் பெண்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"இன்னாடி, ரயில்காரன் சோறு நல்லா ஒட்டிக்கினு கீது!"

"ஆமா, பேச ஆளு கெடையாது. துன்னுகினு குந்திகினு கீறேன்," என்று இவளும் சிரிப்பாள். நானும் அதை நல்ல வாழ்வு என்றுதான் நினைத்தேன்.

பெரியவளுக்கு முதல் பிள்ளை தங்கியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதற்குள் அம்மாவுக்கு முட்டி வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். லேடி டாக்டர் நல்ல மனுஷி.

"என்னம்மா சாப்பிடுறே?"

"இன்னாத்த துன்றேன், தாயே? ஒரு வேளை சோறு. அதுவும் இவுரு துன்னதுக்கப்புறம்."

"காலையில?"

"காலையில ஒண்ணுமில்ல. பழையதுதான்."

"சாயந்திரம்?"

"பானைய கழுவணும் இல்ல? வழிச்சி வாய்ல போட்டுப்பேன்."

"அதெல்லாம் சாப்பாடு இல்லையா?"

"அது மிச்சம்தானேம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த மிச்சத்தைக் குறைச்சு தினமும் நடக்கலைன்னா, மகளுக்குப் பிரசவம் பார்க்க உன்னால தரையில உட்கார முடியாது," என்றார்கள். பெண்களே, உங்கள் வீட்டிலும் நீங்கள் பானையில் வழித்துப் போட்டுக்கொள்வதைச் சாப்பாட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா பொய் சொல்லவில்லை. இலை போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்று அவளை வளர்த்திருந்தார்கள்.

அந்தச் சமயம் பாயின்ட் கம்பியில் என் கை நசுங்கிச் சில நாள் வீட்டில் இருந்தேன். அவளுடைய பகலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பானை கழுவினால் வேலை முடிந்தது. பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்ப்பாள். அதற்கு அப்பால் கழனிகளில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் விரல்கள் மடியில் நாற்று பிரிப்பதுபோல அசைந்தன.

"நீயும் போய் நட்டுட்டு வாயேன்," என்றேன்.

"அடுத்தவன் கழனில கூலிக்கு எறங்கவா? ஒங்களுக்குத்தான் அசிங்கம்." சற்று நேரம் கழித்து எழுந்து போய், பானை மூடியைத் திறந்து ஒரு கை சோறு எடுத்தாள். அவளுக்குப் பசியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அரப்படி போடேன். டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

படியின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "எந்தப் புள்ளைய எடுத்துடச் சொல்றீங்க?"

நான் வெளியே போய் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவளைப் பிரசவத்துக்கு அழைத்துவரக் கேட்டுக் குத்தம்பாக்கம் போனோம். சம்பந்தி அம்மாள் வண்டியிலிருந்து இவள் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி, கோச்சிக்காத. ஒன் ஒடம்பையே ஒன்னால தூக்க முடியல. நாளைக்கு பச்ச ஒடம்புக்காரிய யாரு தூக்குவா? இங்கியே இருக்கட்டும்."

அம்மா உள்ளே போனாள். அடுப்படியில் பெரியவள் உலைக்கு அளந்துகொண்டிருந்தாள். படி அளந்து, மேலே ஒரு ஆழாக்கும் போட்டாள்.

"மேல இன்னாத்துக்குடி அது?"

"அது என்னுதும்மா. நான் வந்த அன்னிக்கே மாமியா கூட்டிட்டாங்க."

திரும்பி வரும்போது குமணன்சாவடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவ பங்கு அங்க வேவுது. இங்க அத்த நான் துன்னுகினு கீறேன்."

மறுநாள் காலை படியை அளந்து முறத்தில் கொட்டினாள். ஆழாக்கை எடுத்தாள். "பெரியவ குத்தம்பாக்கத்துல." ஒரு ஆழாக்கு குதிருக்குத் திரும்பியது. "சின்னவ காஞ்சிவரத்துல." இன்னொன்று. "புள்ள மாமன் ஊட்ல." இன்னொன்று. கழனி ஆட்களுடையதையும், அவங்களுக்குப் பெரியப்பன் வீட்டில் வேகும் என்று எடுத்தாள். முறத்தில் எங்கள் இரண்டு பேர் அரிசி கொஞ்சமாகக் கிடந்தது. அதை உலையில் போட்டாள். எதையோ பறிகொடுத்தவள் போல இருந்தது முகம்.

நடப்பது வேறு சங்கடம். சும்மா நடக்கும் பெண்ணை ஊர் விடுமா? "எங்க போற, இன்னா சேதி, ஊட்ல சண்டையா?" என்று கேட்கும். குடம் இடுப்பில் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாசலில் பம்பு வைத்துக்கொண்டு, அவள் குடத்தோடு அண்ணனூர்ப் பக்கத்துக் கிணறு வரை போய்வந்தாள். முதலில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். துணைக்கு நான் போக டூட்டி விடாது. மழையிலும் தனியாகவே போனாள். ரவிக்கை தொளதொளத்தது. முட்டி வீக்கம் மெல்ல வடிந்தது.

ஒன்பதாம் மாதம் சம்பந்தி அம்மாளே பெரியவளோடு வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் முதல் பேச்சு:

"தரையில குந்தி எழுந்திரு, அண்ணி, பாப்பம்."

"இன்னா, மாடு புடிக்க வந்தியா? பல்லையும் காட்டட்டுமா?" என்றாள் அம்மா. ஆனாலும் குந்தினாள். எழுந்தாள். மூச்சு வாங்கியது, சுவரைப் பிடிக்கவில்லை. சம்பந்தி அம்மாள் பெரியவளுடைய துணி மூட்டையைக் கீழே வைத்தாள்.

அன்றைக்கு உலையில் ஒரு ஆழாக்கு கூடியது. குழந்தை இந்த வீட்டில்தான் பிறந்தது. தரையில் உட்கார்ந்து அம்மாதான் கையில் வாங்கினாள். வெந்நீர் ஊற்றினாள், பிரசவ மருந்துக்குக் காயம் இடித்தாள், ராவும் பகலும் தூக்கினாள். அவள் வாய் ஓயாமல் பேசிக் கேட்டது அந்த நாட்களில்தான்.

பிறகு வண்டி வந்தது, பெரியவளும் குழந்தையும் போனார்கள்.

அடுத்த நாள் காலை அரிசியை அளந்தாள். முறத்துக்கு முன்னால் ஆழாக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பார்க்காதவன்போல் நின்றேன். கடைசியில் பெரியவள் பங்கு ஒரு ஆழாக்கை எடுத்துக் குதிரில் போட்டு மூடினாள். அடுப்பைக் கவனித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் ஸ்டேஷனுக்குப் போகும்போது பார்த்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரப்பின் மேல், வெறுங்குடத்தோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.