ஃபைபர் லூயிஸ்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகு ஓட்டாதவர் யார்? ஆனால் ஃபைபர் லூயிஸ் ஒருத்தர்தான். எங்கள் பக்கத்து வீட்டு மனிதர்.

போன வருஷம் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நாலாவது படிக்கும் மகன் ஃப்ரெடி ரொம்ப ‘ஹைப்பராக’ இருக்கிறான், ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் அடைக்கலமேரி டீச்சர். லூயிஸ் காதில் அது ‘ஃபைபர்’ என்று விழுந்தது. எந்த அலைக்கும் உடையாத பிள்ளை என்று டீச்சரே சொல்லிவிட்டதாக மீன் ஏலக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார். அதுவே அவருக்குப் பட்டப்பேராகிவிட்டது. அப்புறம் டாக்டர் எதற்கு என்று யோசித்திருக்கலாம். யோசித்தால் அவர் லூயிஸே இல்லை.

அவர் மனைவி எல்சிக்கு வேறு கவலை. மூத்தவள் மெர்லின் ஒன்பதாவது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், தங்கமான பெண் என்று டீச்சர்களிடம் நல்ல பேர். மார்க்குதான் வராது. மக்குக்குப் படிப்பு எதற்கு, இந்த வருஷத்தோடு நிறுத்தி இறால் உரிக்க அனுப்பலாம் என்று லூயிஸ் முடிவு கட்டிவிட்டார். இறால் உரித்தே கை புண்ணான எல்சிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

டீச்சர் டாக்டரிடம் காட்டச் சொன்னதை எல்சி விடவில்லை; ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாகப் போனோம். லூயிஸை நம்பி அனுப்ப முடியாது என்று நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் சைமா ஃப்ரெடியிடம் நிறைய நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, இவனுக்கு வெறும் வாலுத்தனம்தான் என்றார். மெர்லினிடம் பேர் கேட்டார். பதிலில்லை. திரும்பக் கேட்டார். தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரி அவள் முழித்தாள்.

அதன் பிறகு மெர்லினைப் பல தடவை வரச் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் விசாரித்தார். நாலாவதில் அவளுக்கும் பாடம் எடுத்தவர் அடைக்கலமேரி டீச்சர்தான். அந்தப் பிள்ளை ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை, அதனால் நான் கவனிக்கவே இல்லை என்று நேரிலேயே வந்து வருத்தப்பட்டார்.

கடைசியில் டாக்டர் சொன்னார்: “கவனக்குறைபாடு மெர்லினுக்குத்தான். சத்தம் போடுற பிள்ளைய ஸ்கூல்லருந்து எங்ககிட்ட அனுப்பி வெப்பாங்க. இவ சத்தமே போடலியே. அறிவுல ஒரு குறையும் இல்ல. சொல்லிக்குடுக்கிற விதத்த மாத்தினா படிப்பா.”

மெர்லின் அப்பாவைப் பார்த்தாள். “அப்போ நான் மக்கு இல்லியா நைனா?”

“உன்ன எவன் மக்குன்னு சொன்னான்?”

“நீதான் சொல்லிகினே இருப்ப.”

ஏலக்கூடத்தையே அதிர வைக்கும் மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பத்தாவதுக்குப் போ,” என்றார்.