எந்தக் காம்பிராவில் இருந்தீர்கள்?

சட்டத்தரணியிடம் குமாஸ்தாவாக இருப்பவனுக்குப் பாதி வேலை காகிதம் தேடுவது. தோட்டத்து வீட்டு வழக்கென்றால் முழு வேலையும் அதுதான். பதுளை நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடும்வரை கால்கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

விலாசம்

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து செல்லையா வந்தார். வேலையிலிருந்து நின்றதும், பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பிராவை, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "அங்கே இருந்ததற்கு அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டேன். வவுனியாவில் கட்டிக்கொடுத்த மகள் எழுதிய கடிதங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எல்லாவற்றையும் புரட்டினார். பெயர் இருந்தது, தோட்டம் இருந்தது. லயத்து இலக்கமோ அறை இலக்கமோ ஒன்றிலும் இல்லை. தபால்காரர் தோட்டத்து ஆபீசோடு திரும்பிவிடுவார், பிறகு யார் இலக்கம் எழுதுவார்கள்? தோட்டத்தில் இருந்ததற்குச் சாட்சி உண்டு, அந்த அறையில் இருந்ததற்கு இல்லை என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் செல்லையாவுக்குச் சொன்னேன். தோற்றோம். படியிறங்கும்போது அவர் கேட்டார்: "நம்பரே போடாத லயத்துக்கு எம்புள்ள எந்த நம்பரைங்க எழுதும்?"

பூட்டு

தெமோதரைப் பக்கம் மரியம்மா. கணவர் இறந்ததும் அவருடைய தம்பி காம்பிராவைக் கேட்டு வந்தார். "என்ன நடந்தாலும் வீட்டை விட்டு நகராதீங்க. கைவசம் இருக்கிறதுதான் நமக்குப் பலம்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நகரவில்லை. ஹட்டனில் கூடப் பிறந்த அக்கா செத்ததற்குக்கூட.

ஒரு சத்தியக் கடதாசியில் கையொப்பம் வேண்டுமென்று நான் ஒருநாள் பதுளைக்குக் கூப்பிட்டேன். காலை ரயிலில் வந்து, பின்னேரம் திரும்பியவருக்குக் கதவில் வேறு பூட்டு தொங்கியது. பாத்திரங்கள் வெளியே மழையில் கிடந்தன. பல தவணைக்குப் பிறகு நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அன்று தொலைபேசியில் அவர் அழாமல் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை: "அக்கா சாவுக்கே போகாமக் காத்தேன் தம்பி, நீங்க கூப்புட்டதுக்குத்தான் வெளிய வந்தேன்."

மூன்றாம் லயம்

கொஸ்லந்தைக்கு அப்பால் மண் சரிந்து ஒரு லயத்தின் நாலு காம்பிரா போனது. பெருமாள் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வீடிழந்தவர்களுக்கான புதுவீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேரில்லாதவர், கொழும்புக்காரர் என்றார்கள். பக்கத்து வீட்டார் வந்து சொல்லலாமென்றால், பக்கத்து வீட்டாரும் மண்ணுக்குள்.

"ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கா அண்ணே?" என்றேன். வெகுநேரம் யோசித்துச் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். மனைவியின் மரணச் சான்றிதழ். இறந்த இடம்: கீழ்ப்பிரிவு, மூன்றாம் லயம். தகவல் கொடுத்தவர்: கணவர். வதிவிடம்: அதே இடம்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "இது போதும் அண்ணே, வீடு கிடைச்ச மாதிரிதான்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதிகாரியும் ஏற்றுக்கொண்டு பெயரைச் சேர்த்தார். பெருமாள் சான்றிதழைத் திருப்பி வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுப் பத்திரத்துல அவ பேரையும் எழுதுவாங்களா தம்பி?"

இத்தனை பேரிடம் காகிதம் கேட்ட என்னிடம், பதுளையில் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.