ஷாஹிதா விட்டுக்கொடுத்த வருடம்

பரமத்தி வேலூரில் என் செயற்கைக் கால் மையத்தில், ஒருவரின் தொடையில் மாவுக்கட்டு சுற்றி அச்செடுத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மாவு. அடித்த ஃபோனை அவர்தான் எடுத்து என் காதில் வைத்தார். பேசியது ஷாஹிதாவின் தம்பி. "அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் எடுத்துருவோம், சீக்கிரம் வாங்க." மாவு இறுகும்வரை கையை எடுக்க முடியாது, எடுத்தால் அச்சு கெட்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு அழுதேன். "நீங்க போயிட்டு வாங்கம்மணி, நா இன்னொரு நாளைக்கு வாரேன்" என்றார் அவர். முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டிருந்தால் அவளே திட்டியிருப்பாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவளிடம் கால் வாங்கி நடப்பவர்களும் அவளோடு வேலை செய்தவர்களும் இதைப் படிப்பீர்கள். கோபக்காரி என்பீர்கள். ஆமாம், கோபக்காரிதான். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி முதல் வருடம் படித்தோம். அவள் அத்தாவுக்கு ஜவுளிக்கடை, என் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கல்லூரிக் கட்டணம் இரண்டு வீட்டையும் பிழிந்துகொண்டிருந்தது. ஒடிசாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கை கால் செய்வதற்கென்றே தனிப் பட்டம் இருக்கிறது, கட்டணம் இங்கே கட்டுவதில் பாதிகூட இல்லை, நம்மை இரண்டாம் வருடத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தவள் அவள். "அந்தப் புள்ள போனா நீயும் போ" என்றார் அப்பா. அவள் வீட்டிலும் அதே பேச்சு.

அப்பா செய்த காரியம்தான் எங்களை மாட்டிவிட்டது. "வளர்பிறையிலயே டி.சி.யை வாங்கிப்போடோணும் சாமி. தேய்பிறையில வாங்குனா வெளங்காது" என்று, அங்கே இடம் உறுதியாவதற்கு முன்பே இருவரையும் பழைய கல்லூரியிலிருந்து விலக வைத்துவிட்டார். ஷாஹிதாவின் அத்தாவும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறை பார்க்கிற விஷயத்தில் இரண்டு வீடும் ஒன்று!

அப்பாக்களோடு ரயிலில் கசங்கிப் போய் இறங்கினால், இரண்டாம் வருடத்தில் ஒரே இடம்தான் காலி, மற்றவர் முதல் வருடத்திலிருந்து தொடங்கலாம் என்றார் துறைத்தலைவர். மதிப்பெண் அவளுக்குத்தான் அதிகம். இடம் அவளுடையது. வராந்தாவில் அப்பா பெட்டியைத் தூக்கிவிட்டார். "ஒரு வருசம் வீணாப்போவுதுன்னா படிப்பே வேண்டாம். ஊட்டுக்குப் போலாம் வா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க." இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஷாஹிதா விறுவிறுவென்று உள்ளே போனாள். தனக்கு முதல் வருடம் போதும் என்று சொல்லி, இரண்டாம் வருட இடத்தை எனக்குக் கொடுக்கச் செய்துவிட்டு வந்தாள். "என்னம்மா பண்ணிட்டு வந்துருக்க?" என்று திகைத்தார் அவள் அத்தா. "நீங்க ஒரு வருசம் பொறுத்துக்குவீங்க அத்தா. அவங்கப்பா பொறுக்கமாட்டாரு" என்றாள். அவர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து நான் அவளுக்குச் சீனியர். "வணக்கம் சீனியரம்மா, ராகிங் பண்ணிராதீங்க" என்று எல்லோர் முன்னாலும் குனிந்து என் மானத்தை வாங்குவாள். அந்தச் சோறும் குளிரும் புரியாத பேச்சும் தாளாமல் ஊருக்கே போய்விடுகிறேன் என்று நான் அழாத வாரம் இல்லை. "அழுவுறதுன்னா அழு. கிளாசுக்குப் போயிட்டு வந்து அழு" என்பாள். நான் பட்டம் வாங்கி வந்த பிறகு கடைசி வருடத்தை அவள் தனியாக ஓட்டினாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

தொழிலிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் வெற்றிலை கிள்ளுகிற ஒருவருக்கு நான் செய்த கால் ஏணியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. "நடக்கிறார் இல்ல, அது போதாதா" என்றேன் ஃபோனில். வந்ததே கோபம் அவளுக்கு! "நடக்கறதுக்கு நீ குடுத்துட்ட. பொழைக்கறதுக்கு யாருடி குடுப்பா?" என்று சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, புர்காவை மடித்துக்கொண்டு கொடிக்கால் சேற்றில் இறங்கி நின்றாள். மூங்கில் படியில் பாதம் எப்படி அமர்கிறது என்று வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அடியில் டயர் ரப்பரை வெட்டி ஒட்டினாள். அவர் இன்றும் ஏறுகிறார்.

புற்று அவளை வேகமாகத் தின்றது. கடைசியாகப் பார்த்தபோது, அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அந்த ஒரு வருசம் உனக்கு இருந்திருக்கலாம்டி." கண்ணைத் திறந்து முறைத்தாள். "குடுத்ததத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. போ, உனக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."

இப்போது அவளுடைய ஆட்களும் என்னிடம் வருகிறார்கள். வாழப்பாடியிலிருந்துகூட ஒருவர் வந்தார். இடுப்பு விட்டுப்போகிறது. மாலையானால் கதவைச் சாத்திவிட்டு எங்காவது போய்ப் படுத்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் ஷாஹிதாவின் ஒரு வருடம் என்னிடம் இருக்கிறது. என்னுடையதாக இருந்திருந்தால் என்றைக்கோ வீணாக்கியிருப்பேன்.