பூனாகலை வீதியில் பின்னால் வந்த புள்ளி

சனிக்கிழமை காலை 5.45க்குப் பதுளையிலிருந்து புறப்பட்டேன். பண்டாரவளை வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அங்கிருந்து பூனாகலைக்கு இன்னும் பன்னிரண்டு சொச்சம். ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் இவ்வளவு தூரம் போவதை என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மார் யாரும் நல்ல காரியமாக நினைக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தப் பயத்தாலேயே கைப்பிடியில் பூட்டியிருந்த சின்னக் கணினியை அளவுக்கு மீறி நம்பினேன்.

தோஹாவில் வேலை செய்யும் தம்பி அனுப்பியது அது. சவர்க்காரக் கட்டியில் பாதி இருக்கும். என்னென்ன தகவல் திரையில் தெரியவேண்டும் என்பதை நாமே தெரிவு செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் பக்கத்தை மாற்றலாம். அன்று முதல் பக்கத்தில் வேகம், வந்த தூரம், ஏற்றத்தின் அளவு, இதயத் துடிப்பு ஆகிய நான்கையும் வைத்திருந்தேன். இருக்கைக்குக் கீழே சிவப்பு விளக்கோடு சேர்ந்த ஒரு ரேடார். பின்னால் வாகனம் வந்தால் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி கீழிருந்து மேலே ஏறும். பஸ்களுக்குப் பயந்து வாங்கியது.

8.50க்குப் பண்டாரவளை. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் இரண்டு ரொட்டி, சம்பல், ஒரு பால்தேநீர்: 280 ரூபாய். எங்கே போகிறேன் என்று கேட்ட நானா, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். மத்தியானம் திரும்பினால் பனி இறங்கிவிடும், பன்னிரண்டு மணிக்கு முன் இந்தப் பக்கம் வந்துவிடச் சொன்னார். சரி என்றேன்.

சொன்னபடி நடக்கவில்லை. ஏற்றம் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தது. திரை ஒன்பது, பத்து, பதினொரு சதவீதம் என்று காட்டிக்கொண்டே போனது. வழியில் ஓரிடத்தில் பழைய மண்சரிவு வீதியைத் தின்றிருந்தது. மலைப்பக்கம் உள்ளே வெட்டிப் புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். பூனாகலையை அடையும்போது 11.40. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தேயிலை மலைகள் வெயிலில் பளிச்சென்று கிடந்தன. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு வீதி வரைக்கும் கேட்டது. அந்த வெயிலைப் பார்த்து ஏமாந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

1.05க்குத் திரும்பினேன். இருபது நிமிடத்தில் பனி வந்தது. முதலில் எதிர் மலை காணாமல் போனது, பிறகு பள்ளத்துப் பக்கத்து மரங்கள், பிறகு பள்ளமே. முன்சக்கரத்துக்கு அப்பால் ஏழெட்டு அடி வீதி, அவ்வளவுதான். கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் அந்தப் புள்ளி வந்தது.

ஒதுங்கி வழிவிட்டேன். வாகனம் முந்தவில்லை. புள்ளி பாதி தூரம் ஏறி நின்றது, மறைந்தது, மறுபடி வந்தது. நம்முடைய அதே வேகத்தில் வரும் வாகனத்தை ரேடார் சில நேரம் தவறவிடும் என்று எனக்குத் தெரியும். அதாவது, அது போய்விடவில்லை. என் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பொருத்திக்கொண்டு வருகிறது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. விளக்கு இல்லை, ஹோர்ன் இல்லை. காதைக் கொடுத்தால் ஒரு என்ஜினின் மெல்லிய பொருமல்.

வேகத்தைக் கூட்டினேன், புள்ளியும் கூடவே வந்தது. குறைத்தேன், அதுவும் பின்தங்கியது. இதயத் துடிப்பு இறக்கத்திலேயே 168 என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்கப் பயம் இன்னும் ஏறியது. பக்கத்தை மாற்றி வரைபடத்துக்குப் போனேன். எண்கள் போய்விட்டன, புள்ளி போகவில்லை. தனியாக வந்த பெண், ஆளரவமில்லாத வீதி, பத்திரிகையில் வாசித்த செய்திகள் எல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு மதகருகில் பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன். பின்னால் என்ஜினும் நின்றது. பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"நிக்காதீங்க. போங்க, போய்க்கிட்டே இருங்க."

குரல் கிட்டே வந்தது. முப்பது வயதிருக்கும் ஒருவர், இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி நின்றார். பெயர் யோகராஜா, முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வண்டியில் அவருடைய அக்கா சரஸ்வதி. கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் ஊசி போட்டு, உடனே பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். லைட்டைப் போட்டால் பனி இன்னும் வெள்ளையாக அடிக்கிறது, பாதையின் விளிம்பு தெரியவில்லை என்றார்.

"உங்க செவப்பு லைட்ட பாத்துத்தான் வந்தேன். ஹோர்ன் அடிச்சா ஒதுங்கிருவீங்கன்னு பயம். நீங்க ஒதுங்குனா எனக்கு ரோடு இல்ல."

வண்டிக்குள் பார்த்தேன். கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் சாய்ந்திருந்தார். முகம் முழுவதும் வீங்கி, இரண்டு கண்களும் மூடிப்போயிருந்தன. மூச்சு விசில் போலச் சத்தமிட்டது. எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோகராஜா கேட்டார். திரையைப் பார்த்து ஏழு கிலோமீற்றர் என்றேன். உள்ளே அந்த உதடுகள் அசைந்தன. ஏழு என்பதைத் திருப்பிச் சொன்னது போலிருந்தது.

"சத்தமா சொல்லிக்கிட்டே போங்க மிஸ். அக்காவுக்குக் கண்ணு தெரியல. காது கேக்குது."

சைக்கிளில் ஏறுவதற்கு முன் திரையை மாற்றினேன். வேகம், ஏற்றம், இதயத் துடிப்பு மூன்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த வளைவு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிய வரைபடமும், மிச்சத் தூரமும் மட்டும் வைத்தேன்.

அதுவரை இருந்த பயம் என் உயிருக்கான பயம். பிறகு வந்தது வேறு. நான் எங்கே திரும்புகிறேனோ அங்கே அவர்களும் திரும்புவார்கள். நான் விளிம்பைத் தாண்டினால் அவர்களும் தாண்டுவார்கள். "இடது," "வலது" என்று கத்திக்கொண்டு போனேன். கிலோமீற்றர் குறையும்போதெல்லாம் "ஆறு" என்றேன், "அஞ்சு" என்றேன், "நாலு" என்றேன். எதிரே மரக்கறி லொறி ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தபோது மூன்று பேரும் மலைச்சுவரோடு ஒட்டி நின்றோம்.

"மூணு" சொல்லிக் கொஞ்ச தூரத்தில் வரைபடம் நேரான பாதையைக் காட்டியது. நேராகப் போனேன். திடீரென்று தார் முடிந்து சக்கரத்தின் கீழ் சரளை கரகரத்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பக்கவாட்டில் விழுந்தேன். முன்சக்கரம் ஒரு தார் பீப்பாயில் மோதி நின்றது. பீப்பாய்க்கு அப்பால் தரை இல்லை. காலையில் பார்த்துக்கொண்டு ஏறிய அதே மண்சரிவு. வரைபடத்துக்குப் பழைய வீதிதான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தும் நினைவு வரவில்லை. "நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். வண்டி என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அதைவிட, எழுந்திருக்க மனம் வரவில்லை. யோகராஜாவிடம், நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளை நிமிர்த்திக் கைப்பிடியை நேராக்கினார். அப்போது வண்டிக்குள்ளிருந்து அடைத்துப்போன குரல் வந்தது.

"ரெண்டு வந்திருச்சா?"

வரவில்லை. திரை 2.6 என்று காட்டியது. "இன்னும் கொஞ்சம்தாங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அதன்பிறகு வரைபடத்தை நம்பவில்லை. ஓடும் சக்கரத்தின் கீழே தெரிந்த தாரை மட்டும் பார்த்து, நடையைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன். தூரத்துக்கு மட்டும் திரையைப் பார்த்தேன். "ரெண்டு" என்பதை இரண்டு தடவை கத்திச் சொன்னேன். "ஒன்னு" சொல்வதற்கு முன்பே பனி கிழிந்து, கூரைகளும் மின்கம்பங்களும் தெரிந்தன. யோகராஜாவின் வண்டி என்னை முந்திக்கொண்டு பறந்தது. அவர் கை காட்டக்கூட இல்லை. வீதியோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

3.20க்கு ஆஸ்பத்திரியை அடைந்தேன். முழங்கைக்கு மருந்து கட்டிக்கொண்டு காத்திருந்தேன். நாலரைக்கு யோகராஜா வெளியே வந்தார். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள், மூச்சு சீராகிவிட்டது, இரண்டு நாள் வார்டில் இருக்கவேண்டும் என்றார். சொல்லி முடித்ததும் மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பதுளைக்குச் சைக்கிளில் திரும்பும் தைரியம் எனக்கு இல்லை. ரயிலில் போகிறேன் என்றதும், ஸ்டேஷனுக்குத் தானே கொண்டுபோய் விடுவதாக யோகராஜா பிடிவாதம் பிடித்தார். சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி உள்ளே வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். சரஸ்வதி சாய்ந்திருந்த இடம். ஈரக் கம்பளி இன்னும் கிடந்தது. தூறலுக்காக இரண்டு பக்கமும் படங்குத் திரை இறக்கியிருந்தது. முன்னால் இருந்த எல்லாவற்றையும் யோகராஜாவின் முதுகு மறைத்தது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, விளிம்பு எங்கே இருக்கிறது, எதிரே என்ன வருகிறது, ஒன்றுமே தெரியவில்லை.

பகல் வெளிச்சத்தில், ஊருக்கு நடுவில், ஐந்து நிமிடப் பயணம் அது. கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.