பிடி போட்டவன் பட்ட பாடு

கத்திக்குப் பிடி போடுகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நன்றாக வெட்டினால் பெயர் இரும்புக்கு, கை வழுக்கினால் பழி பிடிக்கு. பாராட்டெல்லாம் பக்கத்து மேஜைக்கும் திட்டெல்லாம் தனக்குமாக ஆபீஸில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் எனக்குச் சின்னப் பட்டறை. கே.கே. நகரில் உலை வைத்திருந்த ஏகாம்பரம் இரும்பை அடித்து அலகு செய்து அனுப்புவார். மரமோ கொம்போ பார்த்துப் பிடி போட்டு விற்பது என் வேலை.

காய்ந்த கட்டை

ஈர மரத்தில் பிடி போட்டால் ஆறு மாதத்தில் சுருங்கி ஆட ஆரம்பித்துவிடும். அதனால் புளியங்கட்டையைத் துண்டு போட்டு, முனைகளில் மெழுகு தடவி, ஒரு வருஷமாவது நிழலில் காயவிடுவேன். என் சந்தில் அதற்கு இடமில்லை. ஏகாம்பரத்தின் தகரக் கொட்டகையில் பரண் இருந்தது. அங்கே அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் பத்து நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. போனபோது பரண் காலி. கரி நனைந்துவிட்டதாம். வேலை நிற்கக் கூடாதே என்று என் கட்டைகளை உலையில் போட்டு எரித்திருக்கிறார். பதினாலு மாதக் காத்திருப்பு சாம்பலாகக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் ஆறுதலாகச் சொன்னார்: "சும்மா சொல்லக் கூடாது வாத்யாரே, நல்லாக் காயவெச்சிருந்தே. ஒரே குச்சில புடிச்சிக்கிச்சு."

ஈட்டி மரம்

அடையாறில் மீன் விற்ற எல்லம்மா, வஞ்சிரம் வெட்ட ஒரு கத்தி கேட்டாள். என் திறமையைக் காட்டிவிடுவது என்று ஈட்டி மரத்தில் பிடி செதுக்கி, மூன்று விதமான உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றினேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. இரண்டு வாரம் கழித்து என் கைவண்ணத்தை நானே பார்த்து மகிழலாம் என்று அவள் கடைக்குப் போனேன். பிடியைக் காணோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அவள் கட்டைவிரலிலும் ஒரு கட்டு. ஈரக்கையில் பிடி வழுக்கி, விரலைப் பதம் பார்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, சொரசொரப்பாக வேறு பிடி போட்டுத் தருவதாகச் சொன்னேன். அவளுக்குக் கோபமில்லை; என்மேல் பரிதாபம்தான். "பாக்க ஷோக்காத்தான் கீது நைனா. மீனு இன்னா அதப் பாக்கவா போவுது?"

பலா

எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வித்வான் இருந்தார். அவருடைய பழைய மிருதங்கம் விரிசல் விட்டுவிட்டது. தூக்கிப்போட மனசில்லாமல் அந்தப் பலாக்கட்டையிலேயே காய் நறுக்கும் கத்திக்குப் பிடி போடச் சொன்னார். வளைந்த மரத்தில் நேரான பிடி எடுக்க நான் பட்ட கஷ்டத்தை விடுங்கள். கத்தியைக் கையில் வாங்கியவர் பிடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். காதருகே கொண்டுபோய் மறுபடி தட்டினார். "வேலை சுத்தம். ஆனா சுருதி அரைக் கட்டை இறங்கியிருக்கே."

நிலைக்கட்டை

தி. நகரில் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். அண்ணன் தம்பி மூவர், கடைசியாக ஒரு தங்கை. ஞாபகமாக இருக்கட்டும் என்று வாசல் நிலையிலிருந்து ஒரு தேக்குக் கட்டையைக் கொண்டுவந்து நாலு கத்தி கேட்டார்கள். உள்ளே ஒளிந்திருந்த ஆணி என் ரம்பத்தின் பல்லை உடைத்தது தவிர எல்லாம் நன்றாகவே முடிந்தது. ஒரு பிடியில் மட்டும் கணு ஒன்று கண் திறந்த மாதிரி அழகாக விழுந்திருந்தது. வினையே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சேர்ந்து வந்தார்கள். மூத்தவர் அந்தக் கத்தியை எடுத்தார். இரண்டாமவர், கட்டையை லாரியிலிருந்து காப்பாற்றியதே தான்தான் என்றார். மூன்றாமவர், சின்ன வயதிலிருந்தே நல்லதெல்லாம் அண்ணன்களுக்குத்தான் போனது என்று ஆரம்பித்தார். ஆளுக்கொரு கத்தியை நீட்டி நீட்டிப் பேசியதில் நான் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். தங்கை என் பக்கம் திரும்பினாள். "வீட்டைப் பிரிச்சப்பகூட நாங்க சண்டை போட்டுக்கல சார். நீங்க ஆளுக்கொரு கத்தி குடுத்தப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கு."

கறுப்புப் பிடி

கல்யாண சமையல் வைத்தா மாமாவுக்கு என்னிடம் வாங்கிய கத்திதான் உயிர். கறுப்பாக, வழவழப்பாக, கைக்கு அடக்கமான பிடி. கருங்காலி மரம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அது எருமைக் கொம்பு. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்றைக்காவது தெரிந்துவிடுமோ என்று இரண்டு வருஷமாக எனக்குப் பயம்.

ஒருநாள் ஆணி இறுக்க வந்தார். நான் அப்போது கொம்பை நிமிர்த்துவதற்காகக் கொதிநீரில் போட்டிருந்தேன். அந்த நாற்றத்துக்குக் காரணம் கேட்டார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தன் கத்தியைப் பார்த்தார். இதுவுமா என்று கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே தெரிந்தால் ஆசாரம் பார்க்கிற வீடுகளில் அவரை யார் அடுப்பங்கரைக்குள் விடுவார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜக் கருங்காலியில் இனாமாகவே வேறு கத்தி செய்து தருவதாகக் கெஞ்சினேன்.

தந்தேன். வாங்கிப் பிடித்துப் பார்த்தார். கை மாற்றிப் பிடித்தார். வாழைக்காய் ஒன்றை நறுக்கினார். முகம் மலரவில்லை. பழைய கத்தியை இன்னொரு தடவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் அழுத்தினார். கடைசியில் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழசும் கிடக்கட்டும். வெங்காயத்துக்கு மட்டும் வெச்சுண்டுடறேன்."

பிடி போடுவது எனக்கு ஒரு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. யாருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.