கிள்ளானிலிருந்து வந்த இளநீர்

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி, இனி அறுத்தும் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, எங்கள் உறவில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். அது போதாதென்று, கொஞ்ச நாளில் ஆளாளுக்கு எமனும் ஆனார்கள். நடுவில் அகப்பட்டவன் நான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் இருந்தோம். அண்ணன் பட்டறையில் பிட்டர். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை என்றால், அது கெட்டதாகத்தான் முடியும் என்று முன்கூட்டியே பயந்து வைத்துவிடுவேன். அண்ணன் இருமினாலும் பயம், இருமாவிட்டாலும் பயம்.

சாயங்காலம் ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளரான டிரெசர் சைக்கிளில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். வலி அடங்க, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மார்பியா ஊசி போடுவார். அண்ணன் அவரிடம் தினமும் ஒன்றையே கேட்பார்.

"எஞ்சின் பழுதாயிட்டா யார்டுல ஓரங்கட்டுறோமா இல்லையா, ஐயா? எனக்கு மட்டும் எதுக்கு கரி அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க? பெரிய ஊசியா ஒண்ணு போட்டுருங்க."

டிரெசர் சிரித்தபடி பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். முதலில் நானும் அதைக் கேலி என்றுதான் நினைத்தேன். வலி முதுகுப் பக்கம் திரும்பி, அண்ணன் கட்டில் சட்டத்தைக் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது கேலி இல்லை என்று தெரிந்தது.

"நீ போய்க் கேளுடா. நான் கேட்டா நோவுல உளறுறேன்னு நினைக்கிறாரு" என்றார்.

வேறு யாரும் கிடைக்கவில்லையா இவருக்கு? போலீஸ் வருமா, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா, அண்ணி என்னை என்ன நினைப்பாள் என்று வழியெல்லாம் மருகிக்கொண்டே டிரெசர் வீட்டுக்குப் போனேன். கேட்டும் விட்டேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் டிரெசர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இண்டைக்கு அவர் கேக்கிறார், சரி. நாளைக்கு உங்கட சொந்தக்காரர் வந்து கேப்பினம். நான் ஆருக்கு ஓம் எண்டு சொல்றது? வலிக்கு மருந்து தாறன். கூடத் தேவையெண்டால் டொக்டரிட்டைக் கேட்டு எழுதுவிச்சுத் தாறன். அதுக்கு மேல என்னால ஏலாது."

அவர் சொன்னதும் சரி. கட்டில் சட்டத்தைக் கடிக்கிற அண்ணன் கேட்பதும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் மனிதன் என்னதான் செய்வது? எரிச்சலோடு வீடு திரும்பினேன்.

டிரெசர் சொன்னது போலவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தம் வந்தது. கிள்ளானில் கடை வைத்திருந்த அண்ணியின் தாய்மாமன், காலை ரயிலில் ஒரு சாக்கு இளநீரும் ஒரு போத்தல் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினார். நாங்கள் கப்பலேறி வந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பார்கள். குளிர்ச்சி கண்டு ஆள் அடங்கிப் போவார். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. வழியனுப்புவது என்பார்கள்.

"மாமா, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"நோவாளிகிட்ட என்னத்தம்மா கேக்குறது? அவன்தான் தெனமும் சாவணும்னு கத்துறானாமே, லயமே சொல்லுது. தம்பி, நீ தண்ணி எடுத்து வை."

தம்பி நான்தான். வாளியைக் கையில் எடுத்துவிட்டேன், கீழே வைக்கவும் தெரியவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"யாருக்கு மாமா எண்ணெய்?"

மாமா தொண்டையைச் செருமினார். "உனக்குத்தாம்ப்பா. எதுக்கு இந்தப் பாடு படணும்?"

"போறேன்னு நான் சொன்னா அது என் பேச்சு. போன்னு நீங்க சொன்னா அது வேற பேச்சு. அந்த எண்ணெயை உங்க தலையில தேச்சுக்கிட்டு அடுத்த ரயிலப் பிடிங்க!"

அவ்வளவு சத்தம் அவரிடம் மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. சாக்கைப் போட்டுவிட்டு, எண்ணெய்ப் போத்தலை மட்டும் கவனமாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "அப்புறம் எதுக்குண்ணே என்னை டிரெசர்கிட்ட அனுப்புனீங்க? மானத்தை விட்டுக் கேட்டுட்டு வந்தேனே!"

"அது நான் சொல்லி நீ கேட்டது. நாளைக்கும் கேளு."

"அவரு தர மாட்டாரு."

"தெரியும். ஆனாலும் கேளு."

இதற்கு மேல் இவரோடு என்ன பேச?

அந்தச் சாக்கு அடுப்படி மூலையில் கிடந்தது. நான் யாரையும் தொட விடவில்லை. வெளியே வீசவும் பயம், பார்க்கிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். ஒரு மத்தியானம் நல்ல புழுக்கத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"இளநீர் இருக்குல்ல? ஒண்ணு வெட்டு."

"எதுக்குண்ணே?"

"எதுக்குன்னா? குடிக்க."

"குடிக்கன்னா... சும்மா குடிக்கவா?"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் தலையத் தொட்டுப் பாருடா. எண்ணெய் இருக்கா?"

"எதுக்கும் டிரெசரை ஒரு வார்த்தை..."

"அடச்சீ! ஒரு வாய் தண்ணி குடிக்க நான் எத்தனை பேருகிட்டடா உத்தரவு வாங்கணும்?"

வெட்டிக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். "உப்புக் கரிக்குது. கடலோரத்து மரம்போல" என்று முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டார். நோயில் நாக்கு செத்துவிட்டது என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் பத்து நாள் அவர் இருந்தார். டிரெசரிடம் பெரிய ஊசி கேட்டார், டிரெசர் தினப்படி ஊசியைப் போட்டார். பின்னொரு நாள் பிற்பகலில், அண்ணி கால் அமுக்கிக்கொண்டிருக்கும்போது, யாருடைய உத்தரவும் இல்லாமல் மூச்சு நின்றது.

எரித்துவிட்டு வந்து எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். நான் இளநீர் வெட்டிக் கொடுத்ததை யாரிடமோ கேட்டறிந்திருந்த கிள்ளான் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "கடைசியில நம்ம இளநீர்தான் வழிவிட்டுச்சு. நல்ல காரியம் பண்ணுனே, தம்பி." அடுத்த வீட்டுப் பெரியவர் உடனே என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். ஒருவருக்கு நான் புண்ணியவான், இன்னொருவருக்குப் பாவி. தாகத்துக்குக் கேட்டார், கொடுத்தேன் என்று சொன்னால் காது கொடுக்க ஓர் ஆள் இல்லை.

உள்ளே போய்ச் சாக்கை இழுத்து வந்தேன். வெட்டி வெட்டி நீட்டினேன். ஒருவரும் கை நீட்டவில்லை. கொண்டுவந்த மாமாகூட, "எனக்கு வேணாம்ப்பா, சளி" என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் நானே ஒன்றை எடுத்து அண்ணாந்து முழுக்கக் குடித்தேன்.

உப்புக் கரிக்கத்தான் செய்தது.