தும்மாத அஷ்டமி

துர்கா பூஜைப் பந்தலில் ஆரத்தி தொடங்கினால் மகேஸ்வரி தெருவின் எதிர்ப்பக்கம் போய், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள். கல்யாணமாகி ஹவுராவுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். தூசியோ புகையோ பட்டால் தும்மல் அடுக்கிக்கொண்டு வரும். தூபச்சட்டி ஏந்தி ஆடும் பெண்களோடு ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

தூசி ஒவ்வாமைக்கான புது மாத்திரையைச் சோதிக்க மருத்துவமனையில் ஆள் சேர்த்தபோது போய் நின்றாள்.

“எப்படி இருக்கீங்க?” என்றாள் நர்ஸ்.

“நல்லா இருக்கேம்மா” என்றாள், மூக்கு ஒழுக.

“மூக்கைக் கேட்டேன் மாஷிமா, குடும்பத்தை இல்ல!” என்று வங்காளத்தில் சித்தி முறை சொல்லிச் சிரித்தாள் நர்ஸ்.

பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அங்கே பழக்கமான ஜர்னாவும் அவளும் தினமும் நாக்கடியில் மாத்திரையைக் கரைத்தார்கள்.

அடுத்த பூஜையில், அஷ்டமி மாலை, டாக் மேளம் அதிர மகேஸ்வரி தூபச்சட்டியோடு இறங்கினாள். முகத்தில் புகை அப்பியது. ஒரு தும்மல்கூட வரவில்லை.

“ஏய், நெருப்பு, பார்த்து!” என்று கத்தினார் கணவர் சந்தானம்.

“நீங்க தள்ளி நில்லுங்க!” என்று இன்னும் வேகமாகச் சுழன்றாள்.

சோதனை முடிந்து விவரம் சொன்னார்கள். மகேஸ்வரிக்கு மருந்து, ஜர்னாவுக்கு வெறும் மாத்திரை.

“ஐயோ தீதி, வருஷம் பூரா சும்மாவா தும்மினீங்க?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் மகேஸ்வரி.

“சும்மாவா? நான் தும்மலேன்னா உன் மருந்து வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?” என்று ஜர்னா சிரித்தாள்.

அதற்கு என்ன கைம்மாறு செய்வதென்று மகேஸ்வரிக்கு இன்றுவரை தெரியவில்லை.